‘அந்த நாலு பேர் யார்?’ என்று கேட்பதற்கு முன்

கேள்வி: 180 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் மனிதவளப் பிரிவில் இருக்கிறேன். ஒரே ஒரு பிரிவிலிருந்து மட்டும் ஆட்கள் தொடர்ந்து விலகிக்கொண்டே இருக்கிறார்கள். போகிறவர்கள் வாய் திறப்பதில்லை. ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அங்கே மேலாளர் எல்லார் முன்னாலும் மட்டம் தட்டிப் பேசுகிறார், பிடிக்காதவர்களை ஓரங்கட்டுகிறார் என்று காதில் விழுகிறது. நிர்வாகத்திடம் சொன்னேன். “காதில் விழுந்ததை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, சர்வே எடுங்கள்” என்றார்கள். அலுவலக மின்னஞ்சல் வழியாக ஒரு படிவம் அனுப்பினேன். ‘கடந்த ஓராண்டில் பணியிடத்தில் துன்புறுத்தலுக்கு ஆளானீர்களா? ஆம் / இல்லை’ என்ற ஒரே கேள்விதான். 112 பேர் பதில் தந்தார்கள், 4 பேர் ‘ஆம்’ என்றார்கள். நான் சொன்ன அந்தப் பிரிவில் இருப்பது 16 பேர். அதில் பதில் வந்தது 5 பேரிடமிருந்து. “நாலு பேர்தானே, யாரென்று பார்த்துக் கூப்பிட்டுப் பேசி முடித்துவிடுங்கள்” என்கிறார் இயக்குநர். இந்த எண்ணிக்கையை நம்பலாமா? முறையாகச் செய்வதென்றால் எந்தக் கேள்வித்தாள் நல்லது?

பதில்:

முதலில் இயக்குநர் சொன்னதைச் செய்யாதீர்கள். அந்த நாலு பேரைத் தேட வேண்டாம். அவர்கள் கொடுத்தது புகார் அல்ல, ஒரு கேள்விக்கான பதில். பதில் சொன்னதற்காக ஒருவரை அறைக்குள் கூப்பிட்டால், அடுத்த பத்து ஆண்டுகளுக்கு உங்கள் நிறுவனத்தில் எந்த சர்வேக்கும் யாரும் உண்மை சொல்ல மாட்டார்கள்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. அந்தப் பிரிவிலிருந்து ஐந்து பேர்தான் பதில் தந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். படிவத்தில் இருந்ததோ ஒரே கேள்வி. எந்தப் பிரிவு என்று நீங்கள் கேட்கவே இல்லை. அப்படியென்றால் யார் பதில் தந்தார், யார் தரவில்லை என்பது உங்கள் கணினியில் பதிவாகியிருக்கிறது. அலுவலக மின்னஞ்சலில் நுழைந்து நிரப்பும் படிவம் என்றால் அது அப்படித்தான் இருக்கும். இது உங்களுக்கு இப்போதுதான் உறைக்கிறதோ என்னவோ, ஊழியர்களுக்கு இணைப்பைச் சொடுக்கிய நொடியிலேயே தெரிந்திருக்கும். மேலாளரால் அவதிப்படுகிறவர் தன் பெயர் ஒட்டிய படிவத்தில் ‘ஆம்’ என்று போடுவாரா? ‘இல்லை’ என்று போடுவார், இல்லையென்றால் திறக்காமலே விட்டுவிடுவார்.

பதினாறில் பதினொரு பேர் திறக்காமல் விட்டிருக்கிறார்கள். மற்ற பிரிவுகளைக் கணக்குப் போட்டால் 164 பேரில் 107 பேர் பதில் தந்திருக்கிறார்கள், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் குறைவு. இந்தப் பிரிவில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உங்கள் சர்வேயிலிருந்து எனக்குக் கிடைக்கும் உருப்படியான தகவல் இதுதான். அந்த நாலைவிட இந்தப் பதினொன்றைத்தான் நான் பெரிதாக எடுத்துக்கொள்வேன். பதில் தராததை வைத்து அங்கே கொடுமை நடக்கிறது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது; வேலைப் பளுவாகவும் இருக்கலாம். ஆனால் ‘நாலு பேர்தான், பிரச்சினை இல்லை’ என்று சொல்ல இடமே இல்லை. போதாக்குறைக்கு, உண்மையிலேயே அடிபட்டவர்களில் பலர் ஏற்கெனவே விலகிப் போய்விட்டார்கள். பணியில் இருப்பவர்களிடம் மட்டும் கேட்கும் எந்தக் கேள்வித்தாளிலும் அவர்கள் வர மாட்டார்கள்.

இனி அந்தக் கேள்விக்கு வருவோம். பணியிடத் துன்புறுத்தலை அளக்க ஆய்வாளர்கள் இரண்டு வழிகளைப் பின்பற்றுகிறார்கள். ஒன்று, நீங்கள் செய்ததுபோல நேராகக் கேட்பது: ‘நீங்கள் துன்புறுத்தப்பட்டீர்களா?’ துன்புறுத்தல் என்றால் என்ன என்று மேலே ஒரு விளக்கம் கொடுத்தும் கேட்கலாம், கொடுக்காமலும் கேட்கலாம். மற்றொன்று, துன்புறுத்தல் என்ற பேச்சையே எடுக்காமல், குறிப்பிட்ட செயல்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, ‘இது உங்களுக்கு எவ்வளவு அடிக்கடி நடந்தது?’ என்று கேட்பது.

எப்படிக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடை எவ்வளவு மாறும் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. நார்வேயின் நீல்சன், மத்தீசன், ஐனர்சென் மூவரும் 2010-இல், பல நாடுகளின் 86 மாதிரிகளை, மொத்தம் சுமார் 1,30,000 ஊழியர்களின் பதில்களை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். விளக்கம் கொடுத்து நேராகக் கேட்ட ஆய்வுகளில் 11.3 சதவீதம் பேர் ஆளானதாகச் சொன்னார்கள். விளக்கம் கொடுக்காமல் கேட்ட ஆய்வுகளில் 18.1 சதவீதம். செயல்களைப் பட்டியலிட்டுக் கேட்டபோது 14.8. ஆகவே ‘எங்கள் நிறுவனத்தில் இத்தனை சதவீதம்’ என்று யாராவது சொன்னால், ‘எப்படிக் கேட்டீர்கள்?’ என்பதுதான் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

நீங்கள் கேட்டது விளக்கம் இல்லாத வகை. எண்ணிக்கை கூடுதலாக வர வாய்ப்புள்ள வகை அது. அதிலேயே உங்களுக்கு நூற்றுக்கு நாலுகூட வரவில்லை. அபூர்வமாக நல்ல பணியிடமாக இருக்கலாம்தான். ஆட்கள் விலகும் வேகத்தையும் பெயர் ஒட்டிய படிவத்தையும் சேர்த்துப் பார்க்கும்போது, நான் முதலில் சந்தேகப்படுவது பயத்தைத்தான்.

நேர்க்கேள்வியில் இன்னொரு சிக்கலும் உண்டு. தான் துன்புறுத்தப்படுகிறோம் என்று ஒப்புக்கொள்ள யாருக்கும் எளிதில் மனம் வராது. இருபது ஆண்டு அனுபவம் உள்ளவரை ஒவ்வொரு கூட்டத்திலும் பேச விடாமல் அடக்கினாலும், ‘அவர் சுபாவம் அப்படி’ என்றுதான் சொல்லிக்கொள்வார். அவரிடமே, ‘உங்கள் கருத்தைக் கேட்காமல் ஒதுக்கியது எவ்வளவு அடிக்கடி நடந்தது?’ என்று கேளுங்கள். தயங்காமல் ‘வாரம் ஒருமுறை’ என்பார்.

இந்த இரண்டாவது வழியில் உலகில் மிக அதிகமாகப் பயன்படுவது நார்வேயின் பெர்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உருவாக்கிய எதிர்மறைச் செயல்கள் கேள்வித்தாள். சுருக்கமாக என்.ஏ.க்யூ. என்பார்கள். அதன் திருத்திய வடிவத்தை ஐனர்சென், ஹோயல், நோட்லர்ஸ் ஆகியோர் 2009-இல் வெளியிட்டார்கள். 22 செயல்கள், கடந்த ஆறு மாதங்களில் அவை எவ்வளவு அடிக்கடி நடந்தன என்று கேட்கும். ஒருபோதும் இல்லை, எப்போதாவது, மாதம் ஒருமுறை, வாரம் ஒருமுறை, தினமும் என்று ஐந்து விடைகள். 1 முதல் 5 வரை மதிப்பெண். செயல்கள் மூன்று வகை. வேலையை வைத்துப் படுத்துவது: தேவையான தகவலைத் தராமல் மறைப்பது, முடிக்கவே முடியாத கெடு விதிப்பது, தகுதிக்குக் கீழான வேலையைத் தள்ளிவிடுவது, உரிமையுள்ள விடுப்பைக் கேட்க விடாமல் நெருக்குவது. ஆளைக் குறிவைப்பது: புரளி கிளப்புவது, பழைய தவறுகளைத் திரும்பத் திரும்பக் குத்திக்காட்டுவது, வேலையை விட்டுப் போய்விடேன் என்று சாடையாக உணர்த்துவது. மூன்றாவது, அச்சுறுத்துவது: கத்துவது, விரலை நீட்டி மேலே வந்து நிற்பது, மிரட்டுவது. நேரம் குறைவென்றால் ஒன்பது கேள்விகள் மட்டும் கொண்ட சுருக்க வடிவம் 2019-இல் வந்திருக்கிறது. உங்கள் அளவு நிறுவனத்துக்கு அது தாராளம். உருவாக்கியவர்களிடம் அனுமதி பெற்றுப் பயன்படுத்துங்கள். ஒரு கேள்வி பிடிக்கவில்லை என்று நீக்கியோ, இரண்டைச் சேர்த்தோ வைக்காதீர்கள். அப்புறம் அவர்கள் சொல்லும் எல்லைக்கோடுகள் எதுவும் உங்கள் கணக்குக்குப் பொருந்தாது.

அந்த எல்லைக்கோடுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இடறி விழுகிறவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள்.

22 கேள்விகளுக்கும் ‘ஒருபோதும் இல்லை’ என்றால் மொத்தம் 22. எல்லாவற்றுக்கும் ‘தினமும்’ என்றால் 110. நோட்லர்ஸும் ஐனர்செனும் 2013-இல் நார்வே ஊழியர்களின் பதில்களை வைத்து இரண்டு கோடுகள் போட்டார்கள். 33-க்குக் கீழே இருந்தால் துன்புறுத்தலுக்கு ஆளாகாதவர். 33 முதல் 44 வரை எப்போதாவது ஆளாகிறவர். 45-உம் அதற்கு மேலும் என்றால் பாதிக்கப்பட்டவர்.

இப்போது இரண்டு ஊழியர்களை எடுத்துக்கொள்வோம். முதலாமவர் பன்னிரண்டு கேள்விகளுக்கு ‘எப்போதாவது’ என்று போடுகிறார், மீதிக்கு ‘ஒருபோதும் இல்லை’. அவருக்கு 34. இரண்டாமவர் மூன்றே கேள்விகளுக்கு ‘தினமும்’ என்று போடுகிறார்: யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை, தகவல் தருவதில்லை, பழைய தவறைக் குத்திக்காட்டுகிறார்கள். மீதி எல்லாம் ‘ஒருபோதும் இல்லை’. அவருக்கும் 34. மொத்த மதிப்பெண்ணைப் பார்த்தால் இருவரும் ஒரே கட்டத்தில், நடுக் கட்டத்தில். ஆனால் முதலாமவருடையது உரசல்கள் நிறைந்த ஒரு சாதாரண அலுவலகமாக இருக்கலாம். இரண்டாமவர் காலையில் எழுந்து வேலைக்குப் போகவே அஞ்சுகிற நிலையில் இருக்கக்கூடும்.

இதற்காகத்தான் பழைய அளவுகோலையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். ஸ்வீடனில் பணியாற்றிய உளவியலாளர் ஹைன்ஸ் லெய்மான் இந்தத் துறைக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவருடைய 1990-ஆம் ஆண்டுக் கேள்வித்தாளில் 45 செயல்கள் இருந்தன. அவற்றில் ஒன்றாவது வாரத்துக்கு ஒருமுறையாவது, ஆறு மாதங்களாவது நடந்திருந்தால் அது துன்புறுத்தல் என்று அவர் வரையறுத்தார். அந்தக் கணக்குப்படி இரண்டாமவர் உள்ளே வருவார், முதலாமவர் வர மாட்டார். ஆகவே அறிக்கையில் மொத்த மதிப்பெண்ணின் சராசரியை மட்டும் போட்டு நிறுத்திவிடாதீர்கள். ‘ஏதாவது ஒரு செயலை வாரந்தோறும் அல்லது தினமும் சந்திக்கிறவர்கள் எத்தனை பேர்’ என்பதையும் போடுங்கள். சராசரி என்பது நூறு பேரின் நிம்மதிக்குள் மூன்று பேரின் வேதனையை மறைத்துவிடக்கூடியது. நல்லதொரு சராசரியைக் காட்டி இயக்குநர் குழுக் கூட்டத்தில் கைதட்டல் வாங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வித்தாளால் அளக்க முடியாததும் நிறைய இருக்கிறது. யார் செய்தார் என்பது அதில் வராது. எதிர்த்து நிற்க முடியாத நிலையில் ஒருவர் இருப்பதுதான் துன்புறுத்தலைச் சாதாரணச் சண்டையிலிருந்து பிரிக்கிறது. அந்த அதிகார வேறுபாட்டையும் 22 கேள்விகளில் எதுவும் நேரடியாகக் கேட்பதில்லை. எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதால், ஒரே முறை நடந்த பெரிய விஷயம் காணாமல் போய்விடும். ஒருவர் ஒரு தடவை கையை ஓங்கினார் என்றால் அது ‘எப்போதாவது’ என்ற கட்டத்தில் விழுந்து ஒரே ஒரு மதிப்பெண்ணைத்தான் கூட்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 190-ஆம் உடன்படிக்கை, 2019-இல் ஏற்கப்பட்டு 2021 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. பணியிட வன்முறையும் தொல்லையும் ஒரே முறை நடந்தாலும் சரி, திரும்பத் திரும்ப நடந்தாலும் சரி, அதன் வரையறைக்குள் வரும். அடி, மிரட்டல், பாலியல் தொல்லை போன்றவற்றை சர்வே கண்டுபிடிக்கும் என்று காத்திருக்காதீர்கள். அவற்றுக்குப் புகார் வழி தனியாக, எப்போதும் திறந்திருக்க வேண்டும்.

அந்த மேலாளர் ஒருவேளை, “கெடு வைப்பதும் தவறைச் சுட்டுவதும் கொடுமையா? அப்படியென்றால் வேலை வாங்குவதே கொடுமைதான்” என்று கேட்பார். முழுக்கத் தப்பான கேள்வி அல்ல. பிரிவில் எல்லாருமே ‘முடிக்க முடியாத வேலைப் பளு’ என்ற ஒன்றை மட்டும் உயர்த்திப் போட்டிருந்தால், அது ஆள் பற்றாக்குறையாக, வேலைத் திட்டமிடலின் கோளாறாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அதே பளு இரண்டு மூன்று பேர் மேல் மட்டும், கூடவே புரளியும் ஒதுக்கலும் சேர்ந்து வந்தால் கதை வேறு. ஆகவே எந்தக் கேள்விகள் எவற்றோடு சேர்ந்து ஏறுகின்றன என்று பாருங்கள்.

மறுபடி சர்வே எடுப்பதானால், அதை நீங்கள் எடுக்காதீர்கள். உங்கள் நேர்மையைச் சந்தேகித்துச் சொல்லவில்லை; நீங்கள் நிர்வாகத்தின் ஆள் என்றுதான் ஊழியர்கள் பார்ப்பார்கள். வெளியாள் ஒருவர் எடுக்கட்டும். மூலப் பதில்கள் அவரிடமே இருக்கும், நிறுவனத்துக்கு வராது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அலுவலக மின்னஞ்சல், ஊழியர் எண் எதுவும் படிவத்தை நெருங்கக் கூடாது. காகிதப் படிவமும் பூட்டிய பெட்டியும் இன்றைக்கும் நல்ல வழிதான்.

வயது, பாலினம், பதவி, பணியாண்டு என்று ஆசையாக நாலு விவரம் கேட்பார்கள். கேட்கக் கூடாது. பதினாறு பேர் உள்ள பிரிவில் ‘பெண், ஐம்பதுக்கு மேல்’ என்றால் அது ஒரே ஒருவராக இருப்பார். பிரிவு எது என்று மட்டும் கேளுங்கள். பத்துக்கும் குறைவான பதில்கள் வந்த பிரிவின் முடிவைத் தனியாக வெளியிடுவதில்லை என்று முன்கூட்டியே அறிவித்துவிடுங்கள். அப்படி வந்தால் பக்கத்துப் பிரிவோடு சேர்த்துக் காட்டுங்கள். ‘வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?’ என்று இடம் விட்டால், அதில் எழுதுவதை வரிக்கு வரி அறிக்கையில் ஒட்டாதீர்கள். ஒருவரின் எழுத்து நடை அவருடைய கையெழுத்துக்குச் சமம்.

செயல்களின் பட்டியலோடு நான் மூன்று கேள்விகளைச் சேர்ப்பேன். ‘இப்படி மற்றவர்களுக்கு நடப்பதைப் பார்த்திருக்கிறீர்களா?’ தனக்கு நடந்ததைச் சொல்லத் தயங்குகிறவர் பிறருக்கு நடந்ததைச் சொல்லிவிடுவார். அடுத்து, ‘யாரிடமாவது சொன்னீர்களா, சொன்ன பிறகு என்ன ஆயிற்று?’ இதற்கு வரும் விடை உங்கள் மனிதவளப் பிரிவுக்கான மதிப்பெண். கடைசியாக, எல்லாச் செயல்களும் முடிந்த பிறகு, விளக்கத்தோடு அந்த நேர்க்கேள்வி. அதை முதலில் வைத்தால் பின்னால் வரும் விடைகள் எல்லாம் அதன் நிழலில் விழும். படிவம் ஊழியர்களின் தாய்மொழியில் இருக்கட்டும். மொழிபெயர்த்ததை வேறொருவர் மூலத்தைப் பார்க்காமல் திருப்பி மொழிபெயர்த்து ஒப்பிட வேண்டும்.

பதினாறு பேர் பிரிவில் சதவீதம் பேசாதீர்கள். பன்னிரண்டு பேர் பதில் தந்து மூவர் வாரந்தோறும் நடக்கிறது என்றால் 25 சதவீதம். அதில் ஒருவர் மனம் மாறினால் 17. ‘பன்னிரண்டு பேரில் மூவர்’ என்றே எழுதுங்கள். அந்த முடிவை வைத்து மேலாளர்மேல் நடவடிக்கை எடுக்கவும் முடியாது. அவர் பெயர் அதில் இல்லை, அவர் தரப்பைக் கேட்கவும் இல்லை. எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று மட்டுமே அது சொல்லும். பிறகு வெளியாள் ஒருவர் அந்தப் பிரிவினருடன் தனித்தனியாகப் பேசலாம். யாராவது முன்வந்தால் முறையான விசாரணை நடத்தலாம். போனவர்களையும் மறக்காதீர்கள். விலகிச் சில மாதங்கள் ஆனபின், அனுபவச் சான்றிதழ் கைக்கு வந்தபின், அதே வெளியாள் கூப்பிட்டுக் கேட்டால் ‘சொந்தக் காரணம்’ பல இடங்களில் விரிந்துவிடும்.

இன்னொரு எச்சரிக்கை. ஓராண்டு கழித்து மறுபடி எடுக்கும்போது எண்ணிக்கை கூடினால் பதறாதீர்கள். சொல்லலாம் என்ற தைரியம் வந்ததாலும் கூடும். அப்போது பதில் தந்தவர்களின் விகிதம் ஏறியிருக்கிறதா, ‘சொன்ன பிறகு என்ன ஆயிற்று’ என்பதன் விடைகள் மாறியிருக்கின்றனவா என்று சேர்த்துப் பாருங்கள்.

இதையெல்லாம் தொடங்குமுன் இயக்குநரிடம் ஒரு விஷயம் எழுத்தில் வாங்குங்கள்: முடிவு எதுவாக இருந்தாலும் ஆறு வாரங்களுக்குள் எல்லா ஊழியர்களுக்கும் சொல்லப்படும், இன்னின்னதைச் செய்யப்போகிறோம் என்று அதே அறிவிப்பில் இருக்கும். அவர் தயங்கினால் சர்வேயைத் தள்ளிப்போடுங்கள். கேட்டுவிட்டு ஒன்றும் செய்யாமல் இருப்பது கேட்காமல் இருந்ததைவிட மோசம்.

இந்த வாரமே செய்ய வேண்டியவை இரண்டு. பதில்களைப் பெயர்களோடு இணைக்கும் பதிவை அழிக்கச் சொல்லி, அழித்தாயிற்று என்று கணினிப் பிரிவிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு 180 பேருக்கும் ஒரே கடிதம்: சென்ற படிவத்தில் யார் என்ன சொன்னார் என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கவும் முடியாது, பேச விரும்புகிறவர்கள் தங்கள் மேலாளர் வழியாகப் போகாமல் இன்னாரை இந்த எண்ணில் அழைக்கலாம். அந்த நாலு பேருக்கும் அது போய்ச் சேரும். ஒருவேளை அழைப்பு வருவது பதில் தராத அந்தப் பதினொரு பேரில் ஒருவரிடமிருந்து இருக்கலாம்.